மெய் கேட்காத காது

ஜூலை 6, 2025, ஞாயிறு

ஷர்லி மேடம் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார். பள்ளி மாணவர்களுக்காக அவர் நடத்தும் அறிவியல் இதழுக்கு ‘ஒலி’ பற்றிக் கேட்டிருந்தார். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் நடத்துகிறவனுக்கு இது என்ன பெரிய காரியம் என்று ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தேன். இன்று போனில் சொன்னார்: “சார், இதெல்லாம் பாடப்புத்தகத்துலயே இருக்குங்க. இந்த ஒலி ஒங்க வீட்ல என்ன பண்ணுது? அதை எழுதுங்க.”

வீட்டில் என்ன பண்ணும்? மிக்ஸி ஓடும்.

ஜூலை 9

பெரிய ரகளை. மாமனார் மீமிசலிலிருந்து நண்டு வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் வெயிலில் எனக்காகக் காத்துக் காத்து, கடைசியில் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தார். அவரைக் கூட்டிவரச் சொல்லி ரம்யா காலையிலேயே சொன்னாளாம். நான் தலையாட்டினேனாம்.

“நான் சொல்றது எதுவுமே ஒங்க காதுல விழாதா?”

“நீ வாய்க்குள்ளயே பேசுனா எப்படிக் கேக்கும்?”

“விடும்மா, மாப்பிள்ளைக்கு என்ன வேலையோ” என்றார் மாமனார். அதுதான் சுட்டது.

ஜூலை 10

ஸ்டாஃப் ரூமில் நாகராசு மூலையிலிருந்து பேசினால்கூடத் தெளிவாகக் கேட்கிறது. அப்படியானால் காது நன்றாகத்தானே இருக்கிறது? ரம்யா பேசுவது மட்டும் ஏன் —

கேட்காமல் இல்லை. சத்தம் வருகிறது. சொல்தான் வரவில்லை. இது எப்படி?

ஜூலை 13

போனில் ஓர் ஆப்பை இறக்கினேன். வேண்டிய அதிர்வெண்ணில் ஒலி எழுப்பும். ஐந்நூறு ஹெர்ட்ஸ் கேட்டது. ஆயிரம் கேட்டது. இரண்டாயிரம் மெல்லிசாக. நாலாயிரத்தில் போன் ஊமையாகிவிட்டது. மட்டமான ஸ்பீக்கர் போல என்று வால்யூமை முழுசாகக் கூட்டினேன். ஒன்றுமில்லை.

அடுத்த அறையிலிருந்து ரம்யா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். “என்னங்க இது, காது கிழியுது! நிறுத்துங்க!”

போனைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன்.

“ஒங்களுக்கு... கேக்கலையா?”

நிறுத்தினேன். அவள் கையை எடுத்ததை வைத்துத்தான் ஒலி நின்றது தெரிந்தது.

ஜூலை 14

படித்துப் பார்த்தேன். உயிரெழுத்துகளின் பலமெல்லாம் தாழ்ந்த அதிர்வெண்களில். ச், த் போன்ற மெய்களை அடையாளம் காட்டுவது உயர்ந்த அதிர்வெண்கள், அதுவும் பலவீனமாக. நாகராசுவுக்குக் கட்டைக்குரல், உரத்த குரல். ரம்யாவுக்கு மெல்லிய குரல். அவள் பேச்சில் எனக்கு உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை!

பயமா இருக்கு. ஆனா இன்னும் தெரிஞ்சுக்கணும்னும் இருக்கு. இது என்ன புத்தி?

ஜூலை 19

காது டாக்டர் சோதித்துவிட்டு வரைபடத்தைக் காட்டினார். நேராகப் போன கோடு திடீரென்று சரிந்தது. ஃபில்டர் சர்க்யூட் நடத்தும்போது போர்டில் நான் வரைகிற அதே வளைவு. பல வருஷம் ஜெனரேட்டர் ரூமை ஒட்டியே என் லேப் இருந்ததைச் சொன்னேன். அதுவும் காரணமாக இருக்கலாமாம். இரண்டு காதுக்கும் மெஷின்.

கிளாஸ்ல பசங்க சிரிப்பாங்களோ?

ஜூலை 27

புதிதாக எழுதியதை ரம்யாவுக்கு வாசித்துக் காட்டினேன். உயிர், மெய் வரியில் கொஞ்சம் நிறுத்தினேன்.

“அழகா எழுதிட்டா சரியாப் போச்சா?”

‘என் மனைவி பொறுமையாக இருந்தாள்’ என்ற இடத்தில் கையைக் காட்டி மறித்தாள். “எங்க பொறுமையா இருந்தேன்? கோவத்துல ஒங்ககிட்ட பேசுறதையே கொறைச்சுக்கிட்டேன். அதை எழுதுங்க.”

குறைத்துக்கொண்டாள் என்பதே எனக்குத் தெரியாது. மாற்றி எழுதினேன். இப்போது அதுதான் கட்டுரையின் நல்ல பத்தி.

ஆகஸ்ட் 4

மெஷின் வந்துவிட்டது. செய்தித்தாளைப் புரட்டினால் ஓலை தீப்பற்றி எரிகிற மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 12

ஷர்லி மேடம் கட்டுரையை எடுத்துக்கொண்டார். ஒரு வரிகூட வெட்டவில்லை.

ஆகஸ்ட் 31

மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. மோட்டாரை யார் நிறுத்தியிருக்க வேண்டும் என்று சண்டை. ரம்யா அடுப்படியில் முதுகைக் காட்டி நின்று, தாளித்துக்கொண்டே பேசினாள். மோட்டாரில் ஆரம்பித்து எங்கள் கல்யாணப் பந்தி வரைக்கும் போனாள். ஒரு சொல் விடாமல் கேட்டேன். பாதி நியாயம், பாதி அநியாயம்.

அநியாயத்துக்கு மட்டும் பதில் சொன்னேன்.