பதினான்காம் நம்பர் வில்லை

மார்ச் 9, 2059. காலை 8:10
சுரங்க வாசல் குறிப்பேடு. எழுதுவது காவலுக்கு இருக்கும் செல்லக்கிளி. ஐந்தாவது வரைதான் படிப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.
உள்ளே போகிறவர்கள் தங்கள் நம்பர் பொறித்த தகட்டு வில்லையைப் பலகையில் மாட்ட வேண்டும். வெளியே வந்தால் கழற்ற வேண்டும். கதவு இயந்திரம் வில்லைகளை எண்ணும்.
உள்ளே ஒன்பது பேர். பலகையில் பத்து. மிச்சமுள்ள பதினான்காம் நம்பர் என் வீட்டுக்காரர் சிவனணைந்தானுடையது. போன வருஷம் உள்ளே பாறை சரிந்து போய்விட்டார். கழற்ற எனக்கு மனசு வரவில்லை. பேராசிரியர் ஞானசிகாமணி ஐயாதான், "இருந்துட்டுப் போகட்டும்மா" என்று சொல்லி, இயந்திரத்தில் எப்போதும் ஒன்றைக் கழித்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்.

மார்ச் 10. மாலை 5:40
நாளை மூன்று மணிக்கு, உள்ளே யாருமில்லை என்று கணக்கு வந்தால், இயந்திரமே கதவை அடைத்து உள்ளே நைட்ரஜன் நிரப்பும்; பிறகு அங்கே மூச்சு விட முடியாது. ஐயா முப்பத்தோரு வருஷமாக இந்தச் சுரங்கத்தில், அணுவைவிடச் சின்னதான ஒரு துகளைத் தேடுகிறார். காலேஜ் வாத்தியாராக வந்தவர். இப்போது அவருக்குக் கீழே நாற்பது பேர். மாசக் கடைசியில் ஓய்வு. "அது சிக்காம வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி கதவத் தொறக்க மாட்டா" என்று சிரித்தார்.
நாளை என் வீட்டுக்காரருக்கு வருஷத் திதி. மூன்றரை வரை லீவு.

மார்ச் 11. மதியம் 3:25
படையல் போட்டுவிட்டு வந்தேன். கதவு அடைத்தாயிற்று. இயந்திரம் சொன்னது: "வில்லை ஒன்று. கழித்தால் பூஜ்யம். உள்ளே யாருமில்லை."
பலகையைப் பார்த்தேன். மாட்டியிருப்பது ஒன்றாம் நம்பர். ஐயாவுடையது.
பதினான்கு என் முந்தானை முடிச்சில் இருக்கிறது. வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால் வைக்க நேற்று எடுத்துப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

3:31
மேலே இஞ்சினியர் இருதயத்துக்குப் போன் போட்டேன். "நைட்ரஜன நிறுத்திட்டேன்க்கா. ஆனா உள்ள போனது வெளியேறாம கதவுப் பூட்டு விடாது. ரெண்டு மணி நேரமாகும்." அதுவரை உள்ளே மூச்சு இருக்குமா என்று கேட்டேன். "வேகமா வெளியேத்தப் பாக்கறேன்" என்று போனை வைத்துவிட்டார்.

3:38
உள்ளே இருந்து போன்.
"செல்லக்கிளியா? கருவியக் கடைசியா ஒரு தடவ பாத்துட்டு வரலாம்னு வந்தேன். எப்படி அடைச்சுது?"
பதினான்கை எடுத்துப் போனதைச் சொன்னேன்.
"ஒண்ணக் கழிக்கச் சொன்னது நான்தாம்மா. அதையும் எழுது."

3:52
"மூணு அம்பத்தொண்ணுக்குத் திரையில ஒரு கோடு விழுந்துச்சு. நான் தேடுனது அதேதான். எழுதிட்டியா? திருப்பிப் படி."
படித்தேன். "கோடு இல்ல, துகள்னு எழுது... சரி, இருக்கட்டும்" என்றார். மூச்சு வாங்குகிறது.

4:03
மறுபடி படித்தேன். ஐயா சரி என்று சொல்லவில்லை.

4:09
படித்தேன்.

4:20
பதினான்கைப் பலகையில் மாட்டினேன்.
இயந்திரம் சொன்னது: "வில்லை இரண்டு. கழித்தால் ஒன்று. உள்ளே ஒருவர்."