பரவாயில்லை என்று சொல்லியே போகவிருந்த வீடு

பார்ன்ஸ்லி,
ஏப்ரல், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஹேலிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அந்த வார்த்தையை யோசிக்காமல் எழுதக்கூடாது என்று எனக்கு இப்போது கண்டிப்பான உத்தரவு, ஏன் என்று கீழே வருகிறது. முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், உன் அம்மா போனில் சொன்னால் அது நாலு மடங்கு பெரிதாகிவிடும். போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை குளியல் தொட்டியில் இறங்கினேன், இறங்கியது இறங்கியதுதான், ஏற முடியவில்லை. இடுப்புக்குக் கீழே ஆள் வேறெங்கோ போய்விட்ட மாதிரி இருந்தது. வெந்நீர் ஆறிப்போய் நான் உரித்த கோழி மாதிரி ஆகிவிட்டேன். உன் அம்மா இழுத்துப் பார்த்து முடியாமல் எதிர்வீட்டு மிஸஸ் சக்டனைக் கூப்பிட்டுவிட்டாள். உன் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு போட்டவர், தட்டில் மிச்சம் வைத்தால் முறைப்பாரே, அவரேதான். எழுபது தாண்டியும் கை இரும்பு. நான் முகம் துடைக்கிற துண்டுத் துணி ஒன்றை வைத்துக்கொண்டு மானத்தைக் காப்பாற்றப் பார்த்தேன். ‘கைய எடு தம்பி, நாலு பசங்களக் குளிப்பாட்டி வளத்தவ நான், உங்கிட்ட மட்டும் புதுசா என்ன இருந்துடப் போவுது’ என்று சொல்லி, அக்குளில் கை கொடுத்து சிமெண்டு மூட்டையைத் தூக்குகிற மாதிரி தூக்கிவிட்டார். அப்புறம் அம்மாவின் பூப்போட்ட அங்கியைச் சுற்றிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்து டீ குடித்தேன், ரொம்ப நன்றி, இப்போ பரவாயில்லை என்றேன். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் உன் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள்.

அழுகைக்குக் காரணம் தொட்டி இல்லை, வீடு. உன்னிடம் மறைத்துவிட்டோம், கோபித்துக்கொள்ளாதே. ஊரில் உள்ள கூரையெல்லாம் ஏறி ஓடு மாற்றியவன், கடைசியில் என் சொந்த வேனின் பின்பக்கத்திலிருந்து, அதாவது ஒரு சின்னப் பையன் குதித்து விளையாடுகிற உயரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பைக் கெடுத்துக்கொண்டேன் என்பது உனக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், சொந்தத் தொழில்காரனுக்கு வேலை நின்றால் வருமானமும் அன்றைக்கே நின்றுவிடும், அதே சமயத்தில் வீட்டுக் கடனுக்குப் பழைய வட்டியின் காலம் முடிந்து புது வட்டி தலைக்கு மேலே போய்விட்டது. அம்மாவின் பள்ளிக்கூடச் சமையலறைச் சம்பளமும் அரசாங்கத்தின் அடிப்படை உதவியும் வயிற்றுக்குச் சரியாக இருந்தன, வங்கிக்கு இல்லை. தவணை பல மாதம் நின்றுவிட்டது, நீதிமன்றத்துக்குப் போவோம் என்று வங்கியிலிருந்து எழுதிவிட்டார்கள். உடம்பு முடியாதவர்களுக்கான தொகையைக் கேட்டுப் பார்த்தோம், அந்த அலுவலகத்துப் பெண் ஒருத்தி போனில் விசாரித்தாள், அப்புறம் இல்லை என்றுவிட்டார்கள். இதையெல்லாம் உன் அம்மா ஒரே மூச்சில் மிஸஸ் சக்டனிடம் கொட்டிவிட்டாள். அவர் வியாழக்கிழமைகளில் நூலகத்து ஆலோசனை மையத்தில் சம்பளமில்லாமல் உட்காருகிறாராம், எங்களுக்கு அதுகூடத் தெரியாது. ‘ஏன் இல்லன்னாங்க? அந்த அம்மா போன்ல என்ன கேட்டா, நீ என்ன சொன்ன, அப்பிடியே சொல்லு’ என்று என்னை விசாரித்தார்.

சொன்னேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள், பரவாயில்லை, குறைப்பட்டுக்க ஒண்ணுமில்ல என்றேன். வேறு என்ன சொல்வது, நம் ஊரில் சவப்பெட்டிக்குள் படுத்திருப்பவனைக் கேட்டாலும் அதைத்தானே சொல்வான். கடைக்கு நடந்து போவீர்களா என்றாள், ஓ போவேனே என்றேன். வழியில் ஒவ்வொரு வீட்டு மதில்சுவரிலும் உட்கார்ந்து போவதையும், மறுநாள் எழுந்திருக்க முடியாததையும் அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாவம், அவளுக்குத்தான் ஜலதோஷம், எலுமிச்சையும் தேனும் வெந்நீரில் போட்டுக் குடிக்கச் சொல்லி வைத்தேன். பிறகு வந்த பதிலில் நான் உற்சாகமானவன், எல்லாவற்றையும் நன்றாகச் சமாளிக்கிறேன் என்று எழுதியிருந்தது. உன்னிடம் மறைப்பானேன், முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது ஹேலி, பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியாரும் என்னைப் பற்றி இவ்வளவு நல்லதாக எழுதியதில்லை, அம்மாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன், ஓடி என்றால் ஊர்ந்து. மிஸஸ் சக்டன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். ‘உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும். ஒரு வீட்ட வாயாலயே வித்திருக்கியே தம்பி’ என்றார்.

அவர்தான் மறுபடி பரிசீலிக்கச் சொல்லி அந்த அலுவலகத்துக்கு எழுதினார். ஜனவரி நடுவில், ஜன்னலில் பனி உறைந்திருந்த ஒரு காலையில், இரண்டாம் முறை போன் வந்தது. இந்தத் தடவை அம்மா என் பக்கத்திலேயே உட்கார வேண்டும், இன்றைக்கு எப்படி என்று சொல்லாதே, மோசமான நாளில் எப்படி என்று சொல் என்று மிஸஸ் சக்டனின் கட்டளை. மாடிப்படியில் காலையில் குழந்தை மாதிரி உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவதைச் சொன்னேன். இடது பாதம் தரையில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன் என்று சொன்னேன். காலுறை போடுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும் என்று சொன்னேன். இரவில் எங்கே தூங்குகிறீர்கள் என்று போனில் இருந்தவள் கேட்டாள், நாற்காலியில், படுத்தால் திரும்பும்போது கத்திவிடுவேன், மனைவி விடிவதற்கு முன் வேலைக்குப் போகிறவள் என்றேன். உன் அம்மாவிடம் நான் சொல்லி வைத்திருந்தது வேறு, தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்தபடியே தூங்கிவிடுகிறேன் என்று. போனை வைத்ததும் உன் அம்மா என் பக்கம் திரும்பினாள். அப்புறம், ‘ஆஸ்திரேலியால ஆட்டம், விடிய விடிய நடக்குதுன்னியேடா பொய்க்காரா, உலகத்துல அவ்வளவு கிரிக்கெட் எங்கடா இருக்கு’ என்று என் தோளில் அடித்தாள், அடித்த கையை எடுக்கவில்லை. மார்ச் முதல் வாரத்தில் தொகை கிடைத்துவிட்டது.

ஆனாலும் வங்கிக்கு அது போதவில்லை. அப்போதுதான் மிஸஸ் சக்டன் இன்னொரு வழி சொன்னார். இப்படி உதவித்தொகையில் வாழ்கிறவர்களுக்கு வீட்டுக் கடனின் வட்டிப் பங்கை அரசாங்கமே நேராக வங்கிக்குக் கட்டுமாம். அசலில் கை வைக்காது, வட்டிக்கு மட்டும். ஆனால் இனாம் இல்லை, அதுவும் கடன்தான், அதற்கும் வட்டி ஏறும், வீட்டின் பேரில் எழுதிக்கொள்வார்கள், என்றைக்கு வீடு விற்கிறதோ அன்றைக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். எனக்குச் சுருக்கென்றது. கடனைக் கட்டக் கடனா, நான் கையெழுத்துப் போட மாட்டேன், என் மகளுக்கு வீட்டை முழுசாக விட்டுப் போகிறேன், இல்லையென்றால் எதுவும் வேண்டாம் என்று வீராப்பாகப் பேசினேன். தோட்டத்துக் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன், அங்கே போகவே வெகு நேரம் ஆனதால் கோபம் பாதி வழியிலேயே தணிந்துவிட்டது என்பது வேறு விஷயம். உன் அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தாள், கையில் டீகூட இல்லை, அதிலேயே அவள் கோபம் தெரிந்துவிட்டது. ‘ஹேலி வீடு கேட்டாளா? அவ நியூசிலாந்துல ஆட்டுக்கு ஊசி போட்டுக்கிட்டு சந்தோஷமா இருக்கா. பக்கத்து வீட்டோட சுவரு ஒட்டின இந்த வீட்ட வச்சு அவ என்ன பண்ணுவா, பொட்டியில போட்டுக் கப்பல்ல ஏத்துவாளா? வீடு எனக்கு வேணும் கிளைவ். நான் இன்னும் சாகல. செத்தப்புறம் அவளுக்கு என்ன மிஞ்சும்னு பாத்துப் பாத்து, உயிரோட இருக்கற என்னைய தெருவுல நிறுத்தப் போறியா?’ என்று கேட்டாள். முப்பது வருஷத்தில் அவள் தனக்கு வேண்டும் என்று ஒரு பொருளைக் கேட்டது எனக்கு நினைவில்லை. எழுந்து உள்ளே போகலாம் என்றேன், எழுந்திருக்க அவள்தான் கை கொடுத்தாள்.

இருவரும் கையெழுத்துப் போட்டோம். போன வாரம் வங்கிக்கு முதல் தொகை போய்விட்டது. நின்றுபோன தவணைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கட்டலாம், அசலைச் சில காலம் தள்ளிப்போடலாம், நீதிமன்றப் பேச்சு இனி இல்லை என்று வங்கிக்காரர் ஒத்துக்கொண்டார். முன்பெல்லாம் என்னை முழுப்பெயர் சொல்லி மிரட்டியவர் இப்போது வானிலை விசாரிக்கிறார். அம்மா முன்னறையில் ஹீட்டரைப் போட்டுவிட்டு அதை அணைக்க ஓடாமல் உட்கார்ந்திருக்கிறாள், அதைப் பார்க்கவே சுகமாக இருக்கிறது. மாடிப்படிக்குக் கைப்பிடி வந்துவிட்டது, தொட்டிக்குள் வைக்க ஒரு பலகையும் வந்துவிட்டது, மிஸஸ் சக்டனுக்கு இனி என் தரிசனம் இல்லை, அவருக்கும் நிம்மதிதான். நாளைக்கே எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன், என் முதுகு இனி இப்படித்தான். ஆனால் வாசல் கதவு நம் கதவு.

நீ பணம் அனுப்பாதே, அனுப்பினால் உதவித்தொகைக் கணக்கு குழம்பும், எனக்கும் கோபம் வரும். உன் முழங்கால் வலிக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார், நீ சொல்லவில்லை, இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல். ஆடு உதைக்கிற பக்கம் நிற்காதே. பதினேழாம் தேதி அம்மாவின் பிறந்தநாள், மறந்துவிடாதே, கூப்பிடும்போது இங்கே என்ன நேரம் என்று ஒரு தடவை பார்த்துக்கொள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒழுகாத கூரையின் கீழ், நீண்ட காலம் நன்றாக வாழ வேண்டும்.

அந்தக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு முடித்ததும், என்ன யோசிக்கிற என்று உன் அம்மா கேட்டாள். மதியம் செய்த புட்டிங் மிச்சம் இருக்குமா என்று யோசிக்கிறேன் என்றேன், சிரித்தாள். நான் யோசித்தது அது இல்லை. வீடு வாங்கியபோது ஒரு காப்பீடு போட்டோம், நான் இறந்தால் வீட்டுக் கடன் முழுவதும் அடைந்துவிடும். குளிர்காலம் பூராவும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், இருப்பதைவிட இல்லாமல் போவதுதான் இவளுக்கு லாபம் என்று. பயப்படாதே, அந்த நினைப்பு போய்விட்டது, போனதால்தான் எழுத வருகிறது. அன்றைக்குப் பேனாவைக் கீழே வைத்தபோது, இன்னும் ரொம்ப நாள் இருக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை.

உன் அன்பு அப்பா,
கிளைவ்