எங்கள் வீட்டு உறைமோர்

மார்ச் 3, செவ்வாய். காலை 7.10

உறுதியானது: வடக்கு வீதியில் ஏழு வீடுகளில் நேற்று உறை ஊற்றிய பால் தயிராகவில்லை. தகவல் தந்தவர் பக்கத்து வீட்டுச் சாந்தாமணி. அவற்றில் மூன்று வீடுகளுக்குப் போய் நானே பார்த்தேன். பால் திரியவில்லை, புளிக்கவில்லை, நாறவில்லை. இரவு ஊற்றியபடியே இருக்கிறது.

இதை எடுத்துப் படிப்பவர் யார் என்று தெரியாததால் அடிப்படை விவரங்கள். என் பெயர் கருணாம்பிகை. முப்பத்து நான்கு ஆண்டுகள் நாளிதழ் நிருபராக இருந்தேன். தம்பி வெள்ளியங்கிரி, அவன் மனைவி கோகிலவாணி ஆகியோருடன் உடுமலைக்குத் தெற்கே இந்த வீட்டில் வசிக்கிறேன். டீசல் பங்கீடு வந்து, லாரிகள் வாரம் ஒரு நாள்தான் என்று ஆனபோது, வெளியிலிருந்து எதுவும் வராமலே ஆறு மாதம் தாங்கும்படி வீட்டைத் தயார் செய்யத் தொடங்கினோம். கூரையில் சூரியத் தகடுகள். மழைநீர்த் தொட்டி. இரண்டு மாடுகள். சாண எரிவாயு அடுப்பு. கம்பு, சோளம், கொள்ளு, வற்றல், உப்பு, முதலுதவி மருந்துகள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் குளிர்பெட்டியை விற்றுவிட்டோம். தயிர்ச்சட்டி சமையலறை மூலையில் ஈரமணலில் குளிர்ச்சியாக உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் தயிர் உறைந்திருக்கிறது. கத்தியால் வெட்டலாம் போல.

மாலை 5.40

சாந்தாமணி சுவருக்கு அப்பாலிருந்து கிண்ணத்தை நீட்டினாள். "உங்களுக்கென்னுங்க்கா, ஊரே கவுந்தாலும் உங்க ஊட்டுல அடுப்பெரியும். ஒரு கரண்டி ஒறமோரு குடுக்கச் சொல்லுங்க. வெளக்கு வெச்சுட்டா உங்க கோகிலா குடுக்க மாட்டா."

கோகிலா உள்ளேயிருந்து: "ஒறமோருக்குன்னா ஓடியாறீங்க. என்னைக்காச்சும் பாலக் கொண்டாந்து ஊத்துனீங்களா?"

"பேத்தி பொறக்கட்டும், பாலாபிசேகமே பண்றேன். குடு புள்ள."

சாந்தாமணியின் மகள் மேகலா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். இந்த வாரக் கடைசியில் எதிர்பார்க்கிறார்கள். கணவன் ஓசூரில் வேலையில் இருக்கிறான். பேருந்து கிடைத்தால் வருவான்.

மார்ச் 6, வெள்ளி. காலை 8.00

உறுதியானது: எங்களிடம் உறைமோர் வாங்கிய வீடுகள் பதினொன்று. எல்லா வீட்டிலும் முதல் இரண்டு நாள் தயிர் நன்றாக உறைந்தது. மூன்றாம் நாள் பால் பாலாகவே நின்றது. மறுபடி வாங்கிப் போகிறார்கள். பக்கத்து வீதிகளிலிருந்தும் வருகிறார்கள்.

உறுதியாகாதது: காரணம். மாட்டுக்குப் போட்ட ஊசி என்கிறார்கள் சிலர். தண்ணீர் என்கிறார்கள் சிலர். இட்லி மாவும் பொங்கவில்லை என்று இன்று நான்கு வீட்டில் சொன்னார்கள். எங்கள் மாவு பாத்திரத்தைத் தாண்டி வழிந்தது. கோகிலா அதைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். கல்யாணமாகி இருபது ஆண்டுகளில் இந்த வீதி அவளைத் தேடி வருவது இதுதான் முதல் முறை.

மார்ச் 9, திங்கள். காலை 11.30

உறுதியானது: மேகலாவுக்கு நேற்றுப் பெண் குழந்தை. எடை இரண்டு கிலோ எண்ணூறு. தகவல், குழந்தை மருத்துவர் ஷேக் தாவூத். தாயும் சேயும் இன்று வீடு வந்துவிட்டார்கள்.

சேனை வைக்க வேண்டும் என்று சாந்தாமணி பிடிவாதமாக இருந்தாள். இங்கே பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு வைப்பார்கள். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும்.

"நீதான் வெக்கோணும் கோகிலா."

"நானுங்களா? எனக்குப் புள்ளகுட்டி இல்லீங்க்கா. அக்காவ வெக்கச் சொல்லுங்க, நாலு எழுத்தாச்சும் வரும்."

"எழுத்து வந்து என்ன பண்ண, ஊர் வம்பு எழுதறதுக்கா? உன்ற கை ராசியான கை. நீ தொட்டா ஒறையாத பாலும் ஒறையுது. வா புள்ள."

கோகிலா சமையல் வேலையிலிருந்து எழுந்து வந்திருந்தாள். கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள், விரலைத் தொட்டு வைத்தாள். குழந்தை சப்புக்கொட்டியது. கோகிலா அழுதாள். எல்லோரும் சிரித்தார்கள்.

மார்ச் 13, வெள்ளி. மாலை 6.15

உறுதியானது: பால் உறையாததற்குக் காரணம் ஒரு வைரஸ். மனிதரைத் தாக்குவதல்ல, தயிரை உறைய வைக்கும் பாக்டீரியாவையும் அதன் உறவு வகைகளையும் கொல்வது. இதற்கு முன் எங்கும் பதிவாகாதது. தகவல், கோவையில் உள்ள ஆய்வகத்தின் நுண்ணுயிர் ஆய்வாளர் ஜெயசீலி. கைபேசிக் கோபுரம் காலையும் மாலையும் மட்டும் இயங்குவதால் சுருக்கமாகப் பேசினார்.

"எங்கிருந்து ஆரம்பிச்சதுன்னு தெரியலை மேடம். உங்க தாலுகாவுலதான் அதிகம். நீங்க பத்திரிகையில இருந்தவங்கன்னு டாக்டர் சொன்னார். யார் வீட்டுல முதல்ல உறையாம போச்சு, அவங்களுக்கு உறைமோர் எங்கிருந்து வந்துச்சுன்னு விசாரிச்சுச் சொல்ல முடியுமா?"

முடியும் என்றேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறேன்.

மார்ச் 15, ஞாயிறு. பகல் 12.20

உறுதியானது, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு பேர் சொன்னது:

முதலில் உறையாமல் போனது அந்த ஏழு வீடுகள். ஏழு வீட்டாரும் பிப்ரவரி கடைசியில் மேகலாவின் வளைகாப்புக்குப் போனவர்கள். மிஞ்சிய தயிரை வீட்டுக்கு எடுத்துப் போய் உறைக்கு வைத்துக்கொண்டவர்கள். வளைகாப்புத் தயிர்சாதத்துக்கு உறைமோர் கொடுத்தது ஒரே வீடு.

கடைசி வீட்டில் கேட்டு முடித்ததும் வாசற்படியில் சற்று உட்கார்ந்தேன். அந்த வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டு வந்து, "வெயில்ல ஏனுங்க அலையறீங்க?" என்றார்.

மூன்றாம் ஆளிடமும் கேட்டுச் சரிபார்த்தேன். கோகிலாவிடம். "ஆமாங்க்கா, நாந்தான் ஒரு தூக்குப்போசி நெறையக் குடுத்தேன். ஏன், நல்லா இருந்துச்சாமா?"

மாலை 6.05

ஜெயசீலிக்குத் தகவல் அனுப்பிவிட்டேன்.

மார்ச் 16, திங்கள். மாலை 6.30

உறுதியானது: வைரஸ் எங்கள் தயிர்ச்சட்டியில் இருக்கிறது. தகவல், ஜெயசீலி. காலையில் ஆட்கள் வந்து மாதிரி எடுத்துப் போனார்கள்.

அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன். எங்கள் தயிரில் உள்ள பாக்டீரியாவுக்குள் இந்த வைரஸ் தூங்குகிறது. ஈரமணலின் குளிர்ச்சியில் அது எழுவதில்லை. அதனால் எங்கள் தயிர் உறைகிறது, அதே மணலில் வைத்த மாவும் பொங்குகிறது. மற்ற வீட்டு வெப்பத்தில் இரண்டு நாளில் விழித்துவிடும். விழித்தால் அங்குள்ள எல்லாவற்றையும் கொல்லும். குளிர்பெட்டி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். மணலைவிடக் குளிர்ச்சி, அதிலும் தூங்கியிருக்கும், வித்தியாசம் இல்லை என்றார். எனக்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

உத்தரவு: சட்டியைக் கொதிக்க வைக்க வேண்டும். வீட்டை விட்டு யாரும் வெளியே போகக் கூடாது. எங்கள் உடம்பிலும் கையிலும் அது இருக்கலாம்.

"சாப்பாட்டுக்கு ஏதாவது அனுப்பணுமா மேடம்?"

வேண்டாம், எங்களிடம் எல்லாம் இருக்கிறது என்றேன்.

சட்டியை நான் நின்று கொதிக்க வைத்தேன். கோகிலா பார்க்க வரவில்லை. மேகலாவின் குழந்தைக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு என்று சுவருக்கு அப்பால் பேச்சு. இன்னும் உறுதியாகவில்லை.

மார்ச் 17, செவ்வாய். காலை 7.45

உறுதியாகிவிட்டது. தகவல், டாக்டர் தாவூத். குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

பெரியவர்கள் வயிற்றில் நூற்றுக்கணக்கான வகை பாக்டீரியா இருக்கும். சில வகை போனால் தாங்கும். பிறந்த குழந்தையிடம் இரண்டு மூன்று வகைதான். இந்த வைரஸ் அவற்றைத்தான் கொல்கிறது. அந்த இடத்தைக் கெட்ட கிருமிகள் பிடித்துக்கொள்கின்றன. பால் செரிக்கவில்லை.

கோகிலாவிடம் சொல்ல வேண்டாம் என்று வெள்ளியங்கிரி சொன்னான். அவள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

மார்ச் 19, வியாழன். காலை 8.10

சாந்தாமணியின் குரல் பதிவு, வீதியின் கைபேசிக் குழுவில், எல்லோரும் கேட்கும்படி:

"ஆறு மாசத்துக்குச் சாமான் வெச்சுட்டு உள்ளாற உக்காந்திருக்கறவங்களே, நல்லாத் தின்னுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஊருக்கே வெசத்தக் கரண்டி கரண்டியா ஊத்திப்போட்டு, எம்பேத்தி வாயிலயும் வெச்சுட்டுப் போயிட்டா மகராசி. ராசியான கையாமா. அப்படிச் சொன்ன என்ற வாயத் தெக்கோணும்."



மாலை 5.50

கோகிலா வலது கை விரல்களைப் பிளீச்சிங் பவுடரால் தேய்த்திருக்கிறாள். தோல் உரிந்து ரத்தம். எங்கள் முதலுதவிப் பெட்டியில் எல்லாம் இருந்தது. கட்டுப் போட்டோம். வெள்ளியங்கிரி அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, "நாந்தாண்டி மணல் கொண்டாந்து கொட்டுனவன். என்னையும் தேச்சு வுடு" என்றான். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 21, சனி. காலை 8.30

உறுதியானது: தாலுகாவில் ஐந்து குழந்தைகளுக்கு இதே நோய். கோவையிலும் பல. அங்கே கொண்டு போனாலும் இதே மருத்துவம்தான் என்கிறார் டாக்டர். மேகலாவின் குழந்தையின் எடை இரண்டு கிலோ முந்நூறு.

வேறு ஊர்களின் நல்ல பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே நாளில் வைரஸ் தின்றுவிட்டது. வெளியிலிருந்து வந்து தாக்கும்போது அதனிடம் சாகாத பாக்டீரியா ஒன்றுதான் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அது எங்கள் சட்டியிலிருந்து எடுத்தது. அதற்குள் தூங்கும் வைரஸை நீக்கிவிட்டால், மிஞ்சும் பாக்டீரியா குழந்தைகளின் வயிற்றில் நிலைக்கக்கூடும் என்று ஆய்வகம் நம்புகிறது. நீக்கும் வேலை நடக்கிறது.

மாடுகள் பால் கறந்துகொண்டிருக்கின்றன. யாருக்கும் கொடுக்க முடியாது. சாக்கடையில் ஊற்றுகிறோம்.

மார்ச் 23, திங்கள். காலை 9.20

சாந்தாமணி வாசலில் வந்து நின்றாள். யாரும் நெருங்காமலிருக்கக் கயிறு கட்டிய இடத்துக்கு அப்பால். கையில் கிண்ணம்.

"கோகிலா. உன்ற தயிர்தான் மருந்தாமா. டாக்டர் பேசிக்கிட்டது காதுல வுளுந்துச்சு. ஒரு கரண்டி குடு புள்ள. நா என்னென்னமோ பேசிப்போட்டேன். அதையெல்லாம் மனசுல வெக்காத."

அதை அப்படியே கொடுக்க முடியாது, உள்ளே வைரஸ் இருக்கிறது, பிரித்தெடுக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

கோகிலா கட்டுப் போட்ட கையோடு வெளியே வந்தாள். "இல்லீங்க்கா. கொதிக்க வெச்சுட்டாங்க்கா. ஒரு சொட்டுகூட இல்லீங்க்கா."

"சட்டியச் சொரண்டிப் பாரு."

"சொரண்டியாச்சுங்க்கா."

சுரண்டியிருக்கிறாள். அதைப் பற்றி எங்களிடம் சொல்லவில்லை.

சாந்தாமணி வெறும் கிண்ணத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். கோகிலா தலையாட்டினாள். பொய். மூன்று நாளாக அவள் சாப்பிடவில்லை.

மார்ச் 24, செவ்வாய். காலை 7.30

குழந்தை இன்னும் அழுகிறது என்றார் டாக்டர். அழுவது நல்லது என்றார்.

மேகலாவின் கணவனுக்கு இன்னும் பேருந்து கிடைக்கவில்லை. தருமபுரி வரை நடந்தே வந்துவிட்டான் என்கிறார்கள். ஒருவர்தான் சொன்னது. உறுதியாகவில்லை.

மாலை 5.30

எங்களிடம் இருப்பவற்றை இன்னொரு முறை பார்த்தேன். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள். தேன். பஞ்சு. சுத்தமான தண்ணீர், தொட்டி நிறைய. ஒவ்வொன்றாக டாக்டரிடம் கைபேசியில் படித்துச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக வேண்டாம் என்றார். நரம்பில் ஏற்றும் திரவம் இருக்கிறதா என்று அவர் கேட்டார். இல்லை. அதை வாங்கி வைக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

மாலை 6.20

உறுதியானது: குழந்தையின் எடை இரண்டு கிலோ நூறு. வாயால் எதுவும் இறங்கவில்லை. நரம்பில் ஏறும் திரவத்தில்தான் உயிர் இருக்கிறது. கையிருப்பு நாளை, புதன் மாலை வரை. அடுத்த லாரி வெள்ளிக்கிழமை. பக்கத்து ஊர்களில் கேட்டாகிவிட்டது, அங்கேயும் குழந்தைகள். தகவல், டாக்டர் தாவூத்.  

உறுதியானது: வைரஸ் நீங்கியது போலத் தோன்றும் பாக்டீரியா ஒன்று ஆய்வகத்தில் வளர்கிறது. உண்மையிலேயே நீங்கிவிட்டதா என்று சோதிக்க அது முழுதாக வளர்ந்தாக வேண்டும். முன்கூட்டிப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். "அது வளர்ற வேகத்துலதான் வளரும் மேடம்" என்றார் ஜெயசீலி. அழுதிருக்கிறார் என்று குரலில் தெரிந்தது. குரலை வைத்துச் சொல்வது தகவல் ஆகாது. இருந்தாலும் எழுதுகிறேன்.

கோகிலா என் பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறாள். இன்னும் படித்துக் காட்டவில்லை.

நிலுவையில் இருப்பது: ஆய்வக முடிவு. வியாழன் முற்பகல் பதினோரு மணிக்கு எதிர்பார்க்கப்படுகிறது.