தார்க்கோட்டு மீன்

நேற்று சாரல் விழுந்ததும் பள்ளிக்கூடத்து மேற்குச் சுவரில் உமது மீன் மறுபடியும் வந்துவிட்டது. சுண்ணாம்புக்கு அடியிலிருந்து முதலில் வால் பழுப்பாகத் தெரிந்தது. மத்தியானத்துக்குள் காலும் தெரிந்தது. தாரில் வரைந்ததைச் சுண்ணாம்பு மறைக்காது என்பது இத்தனை வருஷமாகியும் நம் நிர்வாகியின் மண்டையில் ஏறவில்லை. அவர் வெள்ளையடிக்கிறார், சாரலோடு நீர் எட்டிப் பார்க்கிறீர்.

நீர் சித்திர வாத்தியார், நான் தமிழ் வாத்தியார். கிரீன்லாந்துப் பாறையில் கல்லாகிக் கிடந்த ஒரு பிராணியைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு உமக்குச் சோறு இறங்கவில்லை. நாலுகால் பிராணிதானாம், மண்டையோட்டில் மட்டும் மீனின் செவுள்மூடி எலும்பு மிச்சம் இருந்ததாம். ஐந்தருவிப் பாதையில் நனைந்துகொண்டே என் முழங்கையைப் பிடித்து அழுத்தினீர்.

"மேல ஒரு எலும்பு, கீழ ரெண்டு, மணிக்கட்டுல ஒரு கூட்டம். பழைய மீனோட துடுப்புக்குள்ளயும் இதே வரிசதான் வே."

அன்றைக்கு என் கையே எனக்குப் புதிதாக இருந்தது.

மறுவாரம் சுவரில் மீன், துடுப்பு ஊன்றிய மீன், கால் ஊன்றிய பிராணி என்று வரைந்தீர். ஈரம் சாயத்தைத் தின்றுவிடும் என்று தார் வாங்கி வந்தீர். நிர்வாகி கொதித்துப்போனார். மனிதன் மீனுக்குப் பேரனா என்று ஊரே கேட்கிறது, அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டால் வேலை தங்கும் என்றார்.

"அழிக்கணும்னா நீங்க அழிச்சிக்கிடுங்க. இந்தக் கையால அழிக்க மாட்டேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர். அப்புறம் சுரண்டையில் கடைப்பலகை எழுதிப் பிழைத்தீர். போன ஐப்பசியில் காய்ச்சல் உம்மைக் கொண்டுபோகும்வரை யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் அழுதேன், பெருமையாகவும் இருந்தது.

இன்று நிர்வாகி என்னைக் கூப்பிட்டார். நாளை சுவரைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசப் போகிறார்களாம், நான்தான் முன்னால் நின்று செய்விக்க வேண்டுமாம். மாட்டேன் என்றால் எனக்கும் சுரண்டைதானாம். வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி கொல்லையிலிருந்து தார் டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"தார் படாம வேட்டியத் தூக்கிக் கட்டிக்கிட்டுப் போங்க" என்றாள்.

சாயங்காலம் போய், மங்கிக் கிடந்த முன்னங்காலைத் தாரால் எழுதினேன். மேலே ஒன்று, கீழே இரண்டு, அப்புறம் கூட்டம். எனக்குச் சித்திரம் வராது என்பது உமக்குத் தெரியும், கால் கொஞ்சம் கோணல்தான். கொத்தினால் கொத்தட்டும், பள்ளிக்கூடத்தில் இன்னும் மூன்று சுவர் இருக்கிறது. யார் செய்த வேலை என்று நிர்வாகி விசாரித்து அலைய வேண்டாம், கீழே என் பெயரை முழுசாக எழுதிவிட்டுத்தான் வந்தேன்.

தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தும் கையிலிருந்து தார் போகவில்லை. இருக்கட்டும் வே.