முதலில் வைத்த தோல்

12 ஜூலை 2003, சனி

காலையில் துணி ஊறப்போட்டேன், மழை வந்துவிட்டது. சாயங்காலம் மகன் ஜெஃப்ரி வேலையிலிருந்து வந்தான். பேத்தி ஃபீபிக்குப் பார்த்திருக்கும் பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டேன். ஷூ லேசைக் குனிந்து அவிழ்த்துக்கொண்டே சொன்னான். பழைய தோல் ஷாப் கிளார்க்கின் பேரனாம்.

"இத்தினி நாள் ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ ஒத்துக்க மாட்டம்மா."

தெரிந்தேதான் மறைத்திருக்கிறான்.

ஜெஃப்ரி, உன் அப்பா தோல் பதனிடும் அந்த ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்று கால் வெந்தவர். கிறிஸ்துமஸ் அன்று கிளார்க்கம்மா எங்களைப் பின்வாசலில் நிறுத்துவாள். அவர்கள் அறுத்த கோழியின் தோலும் கழுத்தும்தான் எங்களுக்கு. கறி உள்ளே போகும். "தோல் வேலைக்காரங்களுக்குத் தோலு" என்று சொல்லிச் சிரிப்பாள். நீ என் இடுப்பில் இருந்தாய். அவள் மகன் கிறிஸ்துராஜ் படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். அவன்தான் இப்போது சம்பந்தி ஆகப்போகிறானாம்.

20 ஜூலை, ஞாயிறு

போனேன். பேத்திக்காகப் போனேன். வேறு யாருக்காகவும் இல்லை.

பிள்ளைகள் இருவருக்கும் மெட்ராஸில் வேலை. அதனால் அங்கேயே பேசிவிடலாம் என்று சீனாக்காரர் ஹோட்டலுக்குக் கூப்பிட்டான் கிறிஸ்துராஜ். வேலூரில் ஷூ கம்பெனி மேனேஜர். மிஷின் வாங்கச் சீனாவுக்குப் போய்வந்தவன். அந்தப் பெருமையை மெனு கார்டு வருவதற்குள் நாலு தரம் சொன்னான்.

வட்ட மேசை. நடுவில் சுற்றுகிற கண்ணாடி. ஒரு வாத்தை முழுசாக வண்டியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாலிஷ் போட்ட பூட்ஸ் மாதிரி மின்னியது. வெள்ளைக் குல்லா போட்டவன் கத்தியால் மேல்தோலை மட்டும் சீவி ஒரு தட்டில் அடுக்கினான். கிறிஸ்துராஜ் எழுந்து, அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு, மேசையைச் சுற்றி வந்து, எனக்கு நேராகக் கண்ணாடியில் வைத்தான்.

"மொதல்ல நீங்கதாம்மா."

பார்த்தேன். தோல். துளிகூடக் கறி இல்லை. அத்தனை பேர் தட்டும் காலி, எனக்கு முன்னால் மட்டும் தோல். எல்லோரும் சிரித்த முகமாக என்னையே பார்க்கிறார்கள்.

தள்ளிவிட்டேன். கண்ணாடி சுற்றி, தட்டு அவன் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றது.

"ஒங்கம்மா பின்வாசல்ல குடுத்தா. நீ ஏசி ரூம்ல குடுக்கற. அவ்ளோதான் வித்தியாசம்" என்றேன்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்துகொண்டேன். பின்னாலேயே ஓடிவந்த ஜெஃப்ரியிடம், நான் உயிரோடு இருக்கும்வரை இந்தக் கல்யாணம் நடக்காது என்று சொல்லிவிட்டேன்.

21 ஜூலை

யாரோடும் பேசவில்லை. மருமகள் இட்லி வைத்தாள். சாப்பிட்டேன். சாப்பாட்டின் மேல் எனக்கென்ன கோபம்?

26 ஜூலை, சனி

ஃபீபி போன் செய்தாள்.

"ஆயா, அந்த வாத்துல தோல்தான் ஒசத்தி. பெரியவங்களுக்குத்தான் மொதல்ல வெப்பாங்களாம்."

"யாரு சொன்னது?"

"அவரோட அப்பா."

"அவன் வேற இன்னா சொல்லுவான்?"

அப்புறம், "நீ வேணாம்னா வேணாம் ஆயா. நான் நெல்வின்கிட்ட சொல்லிட்றேன். ஆனா வேற மாப்பிள்ளை பாக்காதீங்க" என்றாள்.

அழவில்லை. அழுதிருந்தால் திட்டியிருப்பேன். இப்போது எதைச் சொல்லித் திட்டுவது?

9 ஆகஸ்ட், சனி

கண் பார்க்க மெட்ராஸ் போனேன். ஃபீபிக்கு டியூட்டி. ஆஸ்பத்திரி வாசலில் நெல்வின் நின்றான். "ஆயா, சாப்ட்டுப் போலாம்" என்றான். அழைத்துப் போனது அதே ஹோட்டலுக்கு. என்ன தைரியம் இவனுக்கு.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்களே பாத்துக்கோங்க."

பக்கத்து மேசையில் நம்ம ஊர்ப்பக்கத்துத் தோல் முதலாளி ஒருவர். பேச்சிலேயே தெரிந்தது. கூடவே சரக்கு வாங்க வந்த வெள்ளைக்காரன். வாத்து வந்தது. முதலாளி தன் கையாலேயே அந்தத் தோலை எடுத்து வெள்ளைக்காரன் தட்டில் வைத்தார். பிறகுதான் மற்றவர்களுக்குக் கறி.

ஆர்டர் கொடுக்க வந்தவனுக்கு எந்த முதலாளியும் கழிவை வைக்க மாட்டான். இது எனக்குத் தெரியாதா?

எங்கள் மேசைக்கும் வாத்து வந்தது. தோலில் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டேன். முறுக்கு மாதிரி நொறுங்கி, உள்ளே நெய்யாக இளகியது. மெல்லிசு ரொட்டியில் வெங்காயத்தாள், வெள்ளரிக்காய், தித்திப்பான கறுப்புக் குழம்போடு நெல்வின் சுருட்டிக் கொடுத்தான். தின்றேன். இன்னும் தின்றேன். தின்னத் தின்னக் கோபம் ஏறியது. இவ்வளவு ருசியான சாமானை வைக்கிறவன் ஒரு வார்த்தை சொல்லி வைக்கக் கூடாதா? பின்வாசலில் நின்றவளுக்குத் தோலை நீட்டுகிறோமே என்று அவன் புத்திக்கு எட்டவேண்டாமா? படியில் உட்கார்ந்து பார்த்தவன்தானே.

"உங்க ஆயா செஞ்சது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அம்மா சொல்லிருக்காங்க. அவங்களுக்கும் அப்டித்தான் ஆயா. பாட்டி சாகற வரைக்கும் எங்கம்மா தட்டுல கழுத்தும் தோலும்தான்."

"உங்கப்பன்?"

"பாத்துக்கினு சாப்ட்டாரு." பிறகு மெதுவாகச் சொன்னான்: "அன்னிக்கு ஹோட்டல்லேந்து வீட்டுக்கு வந்து அம்மா ரொம்ப நேரம் சிரிச்சாங்க. நான் கேக்க வேண்டியத அந்தம்மா கேட்டுச்சுன்னாங்க."

கடைசித் துண்டை அவனுக்கு வைத்தேன்.

10 ஆகஸ்ட்

நெல்வின் அம்மா கிருபாவின் போன் நம்பர் கேட்டேன். ஜெஃப்ரி பயந்துகொண்டே கொடுத்தான். மதியம் பேச ஆரம்பித்தோம். விளக்கு வைக்கும்வரை பேசினோம். அவளுக்கும் ஒன்றும் மறக்கவில்லை. ராத்திரி ஃபீபிக்கு நானே போன் போட்டு, புடவை எப்போது எடுக்கலாம் என்று கேட்டேன்.

14 செப்டம்பர், ஞாயிறு

எங்கள் கோயிலில் கல்யாண அறிவிப்பு, மூன்றாம் ஓலை வாசித்தார்கள். வேலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். இந்த விவாகத்துக்குத் தடை சொல்ல யாராவது உண்டா, உண்டானால் இப்போதே சொல்லலாம் என்று போதகர் கேட்டார். ஹோட்டல் சண்டை ஊருக்கே தெரியும்; கோயில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. ஜெஃப்ரி கண்ணை மூடிக்கொண்டான். ஆண்கள் பக்கம் முன்பெஞ்சில் கிறிஸ்துராஜ் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்தான்.

நான் புடவையைச் சரிசெய்துகொண்டு பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தேன்.

கிருபா என் பக்கத்தில் இருந்தாள். "எழுந்துக்கப் போறீங்களா?" என்று கிசுகிசுத்தாள்.

"இல்ல. அவன் இன்னும் கொஞ்சம் வேர்க்கட்டும்" என்றேன்.

அவள் பாட்டுப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டாள்.