பாதி வேலை

லில்லஹம்மர், நவம்பர்

அழைப்பு மணியை மறந்துபோனவனுக்கு,

பூட்டாமல் நின்றால் என் காரைத் தொட்டுவிடுவாயா? "உன் வீட்டுக்காரர் திருட்டுப்பூனை மாதிரி வந்து, பானட்டைத் தூக்கி என்னமோ நீலமா ஊத்திட்டுப் போறாரே!" என்று பக்கத்து வீட்டு குன்வோர் சிரிக்கிறாள்.

வீட்டுக்காரராம்! எந்த வீட்டுக்கு?

காரின் முன்கண்ணாடியைக் கழுவும் தொட்டியில் உறையாத நீலத் திரவத்தை ஊற்றினால் மட்டும் போதுமா? ஒருமுறை பீய்ச்சிவிட்டால்தானே குழாயில் தங்கிய கோடைத் தண்ணீர் வெளியேறும்? அது உறைந்துவிட்டது. இன்று உப்பு தூவும் லாரிக்குப் பின்னால், கண்ணாடி முழுக்கச் சேறு அப்பி, வழி தெரியாமல் நடுச்சாலையில் நின்றேன்.

பீய்ச்சுவதற்குக் கார்ச் சாவி வேண்டும், தெரியும். சண்டை போட்டு, அதை மேசையில் வீசிவிட்டு வீட்டை விட்டுப் போனது யார்?

இப்போதும் உன் ஆணியில்தான் தொங்குகிறது. வந்து வேலையை ஒழுங்காக முடி. மணியை அடித்துவிட்டு வா.

கோபம் தீராத
கார்க்காரி