ரெலிபோனுக்கு மேலை ஒரு தலையணை

அன்புள்ள அப்பா,

நான் நல்ல சுகம். உங்கடை கால் வீக்கம் வத்தினதோ? இது தபாலிலை வாற கடிதமில்லை, ஊருக்கு வாற பரிமளம் அன்ரியின்ரை கையிலை வருகுது. அதாலை மனம்விட்டு எழுதுறன்.

எங்கடை மாடியிலை பக்கத்து வீட்டுக்காரர் ருமேனியா நாட்டவர், பேர் பெத்ரு. தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார். போனால், மனுசன் ரெலிபோனுக்கு மேலை தலையணையை வைச்சு, ரேடியோச் சத்தத்தையும் கூட்டிவிட்டிட்டுத்தான் தங்கடை பழைய ஆட்சியைப் பற்றிப் பகிடி சொல்லுறார்! அங்கை ரெலிபோன் சும்மா கிடந்தாலும் ஒட்டுக்கேக்கும் எண்டு சனத்துக்குப் பயமாம். வீட்டுக்கு வீடு ஆள் வைக்கத் தேவையில்லை, அந்தப் பயமே போதுமாம். ஆட்சி எப்பவோ கவிழ்ந்திட்டுது, தலையணை மட்டும் கனடாவரைக்கும் வந்திட்டுது. நான் விழுந்து விழுந்து சிரிச்சன்.

பதிலுக்கு எங்கடை பகிடியைச் சொன்னன்: மாடே வளர்க்காத நாங்கள், தபாலை உடைச்சு வாசிக்கிறவைக்கு விளங்காமல் இருக்க, ஒவ்வொரு கடிதத்திலையும் நாம்பன் கண்டைச் சுகம் விசாரிக்கிறதை. அவருக்குக் கண்ணிலை தண்ணி வரச் சிரிப்பு.

"நாம்பனுக்கு என்ன பேர்?" எண்டார்.

தம்பியின்ரை பேரைச் சொல்ல வாயெடுத்தன். அதுக்கு முன்னம் என்ரை கை போய், விலகிக் கிடந்த தலையணையை இழுத்து ரெலிபோனை மூடிச்சுது. பெத்ரு சிரிக்கேல்லை. இன்னொரு தேத்தண்ணி ஊத்தித் தந்தார்.

அன்ரி திரும்பேக்கை மிளகாய்த்தூள் குடுத்துவிடுங்கோ. கொஞ்சம் போதும், ஒரு ஆளுக்குத்தானே சமையல்.

அன்ரி வாசலிலை நிக்கிறா. கையிலை வாற கடிதம்தானே, அவன்ரை பேரைச் சொல்லியே கேப்பம் எண்டுதான் எழுதத் தொடங்கினனான்.

நாம்பன் கண்டு சுகமோ, அப்பா?

உங்கடை மகள்,
நிலாணி